ஏழு கார்ட்டுக்கும் எண்ணெய் வைத்த நாள்

கஹவத்தையிலிருந்து மேலே ஏறும் எங்கள் பஸ்ஸுக்கு இரண்டாவது வளைவில் எப்போதும் மூச்சு வாங்கும். போன வாரம் அந்த வளைவில் டிரைவர் கிளச்சைப் பாதி மிதித்தபடியே ஏற்றியதில், தீய்ந்த வாடை பஸ் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் கல்யாண வீட்டுச் சமையல் வாசனை பிடிப்பவன் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்தேன். கிறுக்கன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஆறு வருடம் அந்த வாடைதான் எனக்குச் சோறு போட்டது.

இப்போது நான் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறேன். அதற்கு முன் என்ன வேலை செய்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோ-கார்ட் மெக்கானிக். வரக்காப்பொலைப் பக்கம், அப்போது நாங்கள் இருந்த தோட்டத்துக்குக் கீழே, இறப்பர் மரங்களை வெட்டி மட்டப்படுத்திய நிலத்தில் ஒரு முதலாளி கார்ட் ஓட்டும் தடம் ஒன்று போட்டிருந்தார். ஏழு கார்ட்டுகள். பழைய டயர்களை அடுக்கிய வேலி. கண்டிக்குப் போகிற கொழும்புக்காரர்கள் வழியில் இறங்கி, பத்து நிமிடம் சுற்றிவிட்டு, நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

மெக்கானிக் இரண்டு பேர். நானும் நிசாமும். நிசாம் வரக்காப்பொலை டவுன் பையன். அவனுடைய வாப்பாவுக்குச் சைக்கிள் கடை. என்னைவிட ஒரு வயது கூட, அவ்வளவுதான். கிளச் அவன் பொறுப்பு, செயின் என் பொறுப்பு. யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. பின் அச்சைக் கையால் மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அரை அங்குலம் ஆட்டம் விடுவேன். அதற்குள் அவன் இரண்டு கிளச்சைக் கழற்றி மாட்டிவிட்டு, "இன்னும் அதே வண்டிதானா மச்சான்? ஒனக்கு அதோட கல்யாணமா?" என்பான்.

கார்ட்டின் கிளச் சின்னச் சாமான்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புக் கிண்ணம், டிரம் என்போம். உள்ளே பிரேக் கட்டை மாதிரி இரண்டு சூ. எஞ்சின் வேகம் பிடித்ததும் அவை விரிந்து கிண்ணத்தைக் கவ்வும், வண்டி நகரும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்குக் கால் மிதியெல்லாம் கிடையாது. ஆனால் பிரேக்கையும் எக்சிலேட்டரையும் ஒன்றாக மிதிக்கும் மகாராசாக்கள் வருவார்கள். அவர்கள் இறங்கிப் போகும்போது டிரம் நீலம் பாரித்திருக்கும். நிசாம் அதைக் கையிலெடுத்து, அடிபட்ட குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான்.

அவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "நடுவுல சுத்துற புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ண போதும். கிண்ணம் காஞ்சிதான் ஈக்கணும். எண்ண பட்டா கவ்வாது." இதை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பான். நானும் நூறு தடவை தலையாட்டியிருப்பேன்.

ஒரு வருடம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளியில் ஓட்டம் இல்லை, வண்டி பார்க்கிற நாள். நிசாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது, "நீ ஒங்கட பூஜைய வச்சிக்கோ. நான் வந்து மிச்சத்தப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் அப்பா தோட்டத்து இறப்பர் தொழிற்சாலையில் ரோலர் மெஷினில் நின்றவர். அங்கே ஆயுத பூஜை என்றால் முதலில் எண்ணெய்தான். சுற்றுகிற எதையும் விடமாட்டார்கள், சொட்டச் சொட்ட ஊற்றுவார்கள். அன்றைக்கு ஒரு மெஷின் காய்ந்து கிடந்தால் வருடம் முழுக்கத் தரித்திரம் என்பார் அப்பா. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஏழு கார்ட்டையும் கழுவினேன், சந்தனம் குங்குமம் வைத்தேன், எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். செயினுக்கு விட்டேன், அச்சுத் தாங்கிகளுக்கு விட்டேன். கிளச் மூடியையும் கழற்றி, அதற்குள்ளும் கை நிறைய விட்டேன். நிசாம் சொன்னது நினைவில்லாமல் இல்லை. இன்றைக்கு ஒரு நாள் அதுவும் குளிரட்டும் என்று நினைத்தேன். பாசம்தான். பாசத்தில் எவ்வளவு முட்டாள்தனம் செய்யலாம் என்பதற்கு நான் செய்தது ஒன்று போதும்.

திரும்பி வந்த நிசாம் கார்ட்டுகளைப் பார்த்துச் சிரித்தான். "என்னடா, என்ட வண்டிக்கெல்லாம் பொட்டு வச்சீக்க!" மூடியைத் திறந்து பார்க்கவில்லை. என்னை நம்பினான்.

மறுநாள் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஏழு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். கொடி விழுந்தது. ஏழு எஞ்சினும் உறுமின. ஒரு வண்டிகூட நகரவில்லை. அவர்கள் விடாமல் மிதிக்க மிதிக்கப் புகை கிளம்பியது. கால் மணி நேரத்தில் எல்லாச் சூவும் கருகி, தடம் முழுக்க அந்த வாடை. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது.

நிசாம் ஒரு டிரம்மைத் திறந்து, விரலை விட்டு எடுத்து, மோந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"கிளச் வேல எல்லாம் நீ தானே?" என்றார் முதலாளி நிசாமிடம், அவருடைய சிங்களத் தமிழில்.

"ஆமா முதலாளி. என்ட பொறுப்புத்தான்."

அப்படிச் சொல்லிவிட்டு அவன் கொஞ்ச நேரம் நின்றான். நான் பேசுவதற்காக நின்றான் என்று எனக்குத் தெரியும். நான் குனிந்து, துடைக்கத் தேவையே இல்லாத ஒரு செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கி வர வாணாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

அம்மாவுக்குக் கை விழுந்து இறப்பர் மரத்தில் பால்வெட்டை நிறுத்திய வருடம் அது. வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது என்று பயந்தேன். நம்ம ஆட்களின் பூஜையால்தான் கெட்டது என்று பேச்சு வரும் என்றும் பயந்தேன். இப்படிப் பல வருடம் காரணங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். எதுவும் உதவவில்லை. நான் கோழை, அவ்வளவுதான்.

அவன் தன் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னிடம் பேசினான். "புதுச் சூ வந்தா ஒடனே வேகமா ஓட்டாத. மெதுவா நாலு ரவுண்டு போ, அது ஒட்டிப் பழகணும்." நான், "சரி மச்சான்" என்றேன். அவன் போனபோது நான் சொன்னது அந்த இரண்டு சொல்தான்.

பிறகு அவன் கட்டாருக்குப் போனான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வாட்சப்பில் அவன் குரல் வரும். ஒரு தடவை அங்கே ஒரு பெரிய கார்ட் தடத்தைப் போட்டோ பிடித்து அனுப்பி, "இங்கயும் எவனோ கிளச்சுக்குள்ள எண்ண ஊத்திட்டான் மச்சான். ஒன்னத்தான் நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தான். நான் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். தீபாவளிக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தீபாவளிக்கு முன்னாலேயே நெஞ்சுவலியில் போய்விட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

தடமும் இல்லை. பெற்றோலுக்கு வரிசை நின்ற காலத்தில் மூடியதுதான். எஞ்சின்கள் தண்ணீர் பம்புகளுக்கும், மிச்சம் பழைய இரும்புக்கும் போயின. நிலத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். நேராக ஓடிய பாதையில் இப்போது இரண்டு வீடுகள் நிற்கின்றன.

போன மாதம் முதலாளியைத் தேடிப் போனேன். வயதாகிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, தேநீர் கொடுக்கச் சொன்னார். நான் சிங்களத்திலேயே சொன்னேன். அன்றைக்கு எண்ணெய் ஊற்றியது நான், நிசாம் இல்லை என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கவுத நிசாம்?" என்றார்.

யார் நிசாம் என்று கேட்கிறார். நான் உயரத்தைச் சொன்னேன், வாப்பாவின் சைக்கிள் கடையைச் சொன்னேன், கிளச் வேலையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, நினைவில்லை என்று கையை விரித்தார். தேநீர் ஆறிப் போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.