உள்ளங்கையைப் பார்த்த டாக்டரம்மா

ஒற்றைத் தறியில் தொடங்கி ஏழு தறி போட்டேன், மாடி வீடு கட்டினேன், பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினேன். ஐந்தாவது தாண்டாத என்னை எங்கள் தெருவில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசியவர் ஒரே ஒரு டாக்டரம்மாதான்.

பேத்திக்குக் கொப்புளம் கண்டதும் அம்மை என்று வாசலில் வேப்பிலை கட்டினேன். மருந்து கூடாது என்றேன். குழந்தை தண்ணீர்கூட விழுங்காமல் துவண்டதும் மருமகள் அழுது அடம்பிடித்தாள். தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பே வராத முகம். பட்டுச்சேலையின் அடிப்பக்கத்தைப் புரட்டும் வியாபாரி மாதிரி, எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் கையைத்தான் திருப்புவார்.

"சின்னம்மைன்னா நெஞ்சு, முதுகுலதான் கொப்புளம் அதிகமா இருக்கும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள்ள வந்துக்கிது. அதான் முழுங்க முடியல. இது வேற வைரஸ், பெரியவரே."

"ஏம்மா, ஆத்தாவையே இல்லன்றியா? எத்தினி அம்மை பாத்தவன் தெரியுமா நானு?"

"நீங்க பாத்துக்கினே இருந்தா கொழந்தைக்கு ஒடம்புல தண்ணி வத்திடும். நவுருங்க."

பேத்தி பிழைத்தாள். அந்தத் திமிரை மட்டும் நான் மன்னிக்கவில்லை. தெருவே டாக்டரம்மாவைப் புகழ்கிறது. அன்று பிள்ளை இறுக மூடிக்கொண்ட விரல்களைப் பிரித்து உள்ளங்கையைக் காட்டியது யார்? நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.