லம்பாக் மலையடியில் பதினான்கு கிலோமீட்டர்

முதல் ஆறு வாரங்கள் நானும் என் நாத்தனாரும் எதிரெதிர்த் திசையில்தான் ஓடினோம். குளுவாங் நகரத் திடலைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. நான் வலமாகச் சுற்றினால் அவள் இடமாகச் சுற்றுவாள். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நேருக்கு நேர் வருவோம். அப்போது நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், அவள் மரங்களைப் பார்ப்பாள்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் அல்லது ஓடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னதால் ஓட வந்தேன். அவள் ஏன் ஓட வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை. அவள் என் கணவரின் ஒரே தங்கை. நான்கு வருடங்களாக எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, என்னோடு பேசியதும் இல்லை.

காரணம் ஒரு வாக்கியம். என் மாமனார் இறந்த அன்று அவள் சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். மாலை மூன்று மணிக்கு வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் நாலரைக்கு வந்தாள். கடைசி இரண்டு வருடங்கள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்தவள் நான். அந்தக் களைப்பில், பந்தலில் இருந்த எல்லார் முன்னாலும், "எல்லாம் முடிஞ்ச பெறகுதான் வழி தெரிஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவள் போய் அப்பாவின் படத்துக்கு முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே கிளம்பிப் போய்விட்டாள்.

பிறகு சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுச் செனாய் விமான நிலையச் சரக்குப் பிரிவில் சேர்ந்து, குளுவாங்கிலேயே வேறொரு தமான் குடியிருப்பில் வாடகைக்கு வந்தாள். அப்படித்தான் இருவரும் ஒரே திடலில் மாட்டிக்கொண்டோம்.

எங்களை ஒரே திசைக்குத் திருப்பியவை நாய்கள். ஒரு சனிக்கிழமை காலை திடலின் பின்பக்கத்தில் ஐந்தாறு தெரு நாய்கள் என்னை மறித்துக்கொண்டன. ஒன்று பல்லைக் காட்டியது. நான் திரும்பி ஓடப் பார்த்தேன். எதிரே வந்தவள் அங்கிருந்தே கத்தினாள்.

"அண்ணி, ஓடாதீங்க! ஓடுனா தொரத்தும். அப்படியே நில்லுங்க லா!"

கீழே குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தபடி என் பக்கத்தில் வந்து நின்றாள். நாய்கள் விலகின. இரண்டு பேரும் மெதுவாக நடந்து அந்த இடத்தைக் கடந்தோம். கடந்த பிறகு பிரிந்து எதிர்த் திசையில் ஓடுவதற்கு இருவருக்குமே கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து சேர்ந்து ஓடினோம். பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. "இன்னும் ஒரு ரவுண்டா?" என்பாள். "சரி" என்பேன்.

திடல் சலித்துப்போனதும் வெளியே ஓட ஆரம்பித்தோம். முதல் வழி ஐந்து கிலோமீட்டர்: திடலிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து பாசார் சந்தை, அதே வழியில் திரும்பி வருவது. மீன் வண்டிகள் வந்துவிட்டால் பாசார் பக்கம் கால் வழுக்கும். அதனால் ஏழு மணிக்கு முன் கடந்துவிட வேண்டும். இரண்டாவது வழி ஒன்பது கிலோமீட்டர். லம்பாக் மலையின் அடிவாரத்தை ஒட்டிப் போகும். கம்பம் எனப்படும் மலாய்க் கிராமம் ஒன்றும் சீனர்களின் புதுக்கிராமம் ஒன்றும் அதில் வரும். கம்பத்தில் வீடுகள் கட்டைக் கால்களில் உயரமாக நிற்கும், வாசலில் ரம்புத்தான் மரங்கள். புதுக்கிராமத்தில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நேர்வரிசையில் இருக்கும். கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு கூடாதென்று வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் முள்வேலி போட்டு மக்களைக் குடியேற்றிய இடம் அது. இப்போது அந்த வேலி இருந்த கோட்டில்தான் நாங்கள் ஓடும் தார்ச்சாலை.

மூன்றாவது வழியை அவள்தான் திட்டமிட்டாள். புதுக்கிராமத்தைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் பழைய லயங்கள் வழியாகச் சுற்றி, மலையின் மறுபக்கம் வெளியே வருவது. பதினான்கு கிலோமீட்டர். ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். தண்ணீர்த் தொட்டி, இரும்புப் பாலம், பெரிய மரம் என்று அடையாளங்கள் குறித்திருந்தாள்.

நாங்கள் ஓடிய ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டத்தில் மறுநடவு தொடங்கிவிட்டது. பழைய மரங்களைச் சாய்த்திருந்தார்கள். பெரிய மரமும் போயிருந்தது. மொட்டை மண்ணில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி செம்மண் பாதைகள். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் பச்சை நிறத்துக்கு நடுவில் ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான்.

"எடது பக்கம்னு நெனைக்கிறேன் அண்ணி."

"மலை அந்தப் பக்கம் இருக்கே. வலது பக்கம் போலாம்."

மூத்தவள் என்ற முறையில் என் பேச்சே எடுபட்டது. அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடியும் லயம் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது கரை சரிந்து என் இடது கால் உள்ளே போனது. கணுக்காலில் ஏதோ சுளீரென்று இழுத்தது. எழுந்து நிற்க முடியவில்லை.

வெட்டிக் கிடந்த ஒரு செம்பனைக் கட்டையில் என்னை உட்காரவைத்து, ஷூவைக் கழற்றிக் காலைப் பார்த்தாள். அது வீங்க ஆரம்பித்திருந்தது.

"கோவமா அண்ணி? நாந்தான இந்த எடத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"ஒம்மேல என்ன கோவம்? வழிய மாத்துனது நான்."

தூரத்தில் எங்கோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவள் என் காலைத் தன் மடியிலிருந்து இறக்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது."

"என்னிக்கு?" என்றாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"மாமா போன அன்னிக்கு. எல்லாரு முன்னாலயும்."

அவள் ஷூவின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "கிடங்குக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க அண்ணி. லாக்கர்ல கெடந்துச்சு. பதினோரு மணிக்கு வெளிய வந்துதான் பாத்தேன். எல்லைப் பாலத்துல செம ஜாம். பஸ் நகரவே இல்ல. எறங்கி ஓடுனேன். ஆபீஸ் செருப்பு அறுந்துபோச்சு. கையில எடுத்துக்கிட்டு ஓடுனேன். இந்தப் பக்கம் ஜேபியில டாக்சிக்காரர் என் காலப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம ஏத்திக்கிட்டார்."

நான் அன்று காலை அவளை ஒரே ஒரு தடவைதான் அழைத்தேன். எடுக்கவில்லை என்றதும் செய்தி அனுப்பிவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டேன். அலுவலக எண்ணுக்குக் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை அவளிடம் சொன்னேன்.

"நீ ஏன் இத அப்பவே சொல்லல?"

"நீங்க கேட்டது கேள்வி மாதிரி இல்லையே அண்ணி."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அந்த இயந்திரச் சத்தம் நெருங்கி வந்தது. செம்பனைக் குலைகள் ஏற்றிய டிராக்டர். ஓட்டி வந்தவர் லொம்போக் தீவுக்காரர், முப்பது வயதிருக்கும். எங்களையும் என் காலையும் பார்த்து, "செசாட் கா, காக்?" என்று கேட்டார். ஆமாம், வழிதான் தவறிவிட்டது என்று நாத்தனார் மலாயில் விளக்கினாள். குலைகளின் முள் குத்தாமல் இருக்க ஒரு சாக்கை மடித்துப் போட்டு, சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் என்னை உட்காரவைத்தார். அவள் பக்கத்தில் நடந்து வந்தாள்.

நாங்கள் தேடிய லயம் அவர் ஓட்டிய பாதையில் ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. அவள் சொன்னபடி இடது பக்கம் போயிருந்தால் வந்திருக்கும். பத்துப் பத்து கதவுகளாக மூன்று வரிசைகள். இப்போது எல்லாக் கதவுகளிலும் இந்தோனேசியக் குடும்பங்கள். பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. வரிசைக் கடைசியில் சிறிய மாரியம்மன் கோயில், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓட்டுநரின் மனைவி சர்க்கரை தூக்கலாகக் கருப்புக் காப்பி கொடுத்து, என் காலுக்கு ஏதோ எண்ணெய் தேய்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஊரிலிருந்து ஆட்கள் வந்து விளக்கேற்றுவார்களாம். மற்ற நாட்களில் கோழிகள் உள்ளே போகாமல் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சர்க்கரையைப் பற்றிக் கிளினிக்கில் சொன்னதை மறந்து இரண்டு கோப்பை குடித்தேன்.

நான் கைப்பேசியில் கூப்பிட்டு இடத்தைச் சொன்னதும் என் கணவர் காரில் வந்தார். நாங்கள் சேர்ந்து ஓடுவதை நான் அவரிடம் அதுவரை சொல்லவில்லை. தங்கையின் மடியில் என் காலைப் பார்த்ததும் கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"உடைஞ்சிருக்கா?"

"சுளுக்குதான் அண்ணே."

கார் பாதி வழி வந்தது. பிறகு அவர் கண்ணாடியில் அவளைப் பார்க்காமலே, "வீட்டுல நேத்து வெச்ச மீன் கறி இருக்கு. சாப்புட்டுப் போ" என்றார். அவள் வந்தாள். இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள்.

கால் குணமாக ஆறு வாரம் ஆனது. அதற்குள் தோட்டத்தின் நுழைவாயிலில் கம்பிக் கதவு போட்டுக் காவலாளியை வைத்துவிட்டார்கள், குலைத் திருட்டு அதிகமாம். நாத்தனார் தோட்ட அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து, ஞாயிறு காலைகளில் மட்டும் என்று அனுமதி வாங்கி வந்தாள். நுழையும்போது பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் நாள் காவலாளி, நேபாளத்துக்காரர், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்காக வருகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"லாரி" என்றாள் நாத்தனார். ஓடுவதற்கு என்றுதான் சொன்னாள். ஆனால் தப்பி ஓடுவதற்கும் மலாயில் அதே சொல்தான்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையான அக்கறையோடு, "யாரிடமிருந்து?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் ஷூவைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினாள். அவரும் சிரித்து, ஏதோ எழுதிக் கதவைத் திறந்துவிட்டார். இந்த முறை இரும்புப் பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பினோம். ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் மலையின் மறுபக்கம் வெளியே வந்து, சாலையோரக் கடையில் ரொட்டி சானாயும் சர்க்கரை இல்லாத தேநீரும் வாங்கிப் பசியாறினோம். அடுத்த ஞாயிறு அவளுக்கு வேலை இருந்ததால் நான் மட்டும் போனேன். இரும்புப் பாலத்தைத் தாண்டியதும் அவள் சொன்ன இடது பக்கமே திரும்பினேன்.