கட்டஞ்சாயாவும் எள்ளுருண்டையும்

வாணலியில் கறுப்பு எள் படபடவென்று வெடிக்கும்போது ஒரு வாசனை வருமே... கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் புகை. உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்ட டிஸ்பென்சரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த வருஷம், என் சேலை முழுக்க அந்த வாசனைதான். பக்கத்திலேயே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். அதையும் மீறி எள் மணக்கும்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வாயும் கொஞ்சம் நீளம். எள்ளில் இரும்பு இருக்கிறது, கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், புரதம், நல்ல கொழுப்பு... கால்சியம் பெரும்பாலும் தோலில்தான், அதனால் தோலை நீக்காதீர்கள். இதை வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டேன்.

தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேருக்கு ரத்தச்சோகை. அதனால் வெல்லப்பாகு காய்ச்சி எள்ளுருண்டை பிடித்தேன். பத்துமணிச் சாயாவுக்கு எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். ஆளுக்கு ஓர் உருண்டை, ஓர் இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டு தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கு ஓடுவேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞானசெல்வி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. முதல் பிரசவத்தில், ரத்தம் போதாது என்று மலை இறக்கித் தேனிக்குக் கொண்டுபோகிற வழியில், ஜீப்பிலேயே குழந்தையை இழந்தவள். இந்தத் தடவை ரத்த அளவு ஏறினால்தான் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவம். இல்லையென்றால் மறுபடி அதே பாதை. அதை நினைத்தே அவளுக்குத் தூக்கமில்லை.

பிள்ளைத்தாய்ச்சி எள் தின்றால் சூடு, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் மாமியார் தடுத்தார்.

"மாமியா வேண்டாம்னுதான் சொல்லுதாவ. நீங்க சொன்னா திங்கேன் சிஸ்டர்."

"தின்னு செல்வி. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் ஏழில் இருந்தது ஏழிலேயே நின்றது...

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. மறுநாள் சாயா நேரத்தில் இருபது பெண்கள் முன்னால் கத்தினேன். "உருண்டைய யாருக்குக் குடுக்கே? மாத்திரைய எங்க எறிஞ்சே? என்கிட்ட பொய் சொன்னா உனக்குத்தான் கேடு."

கையில் சாயா டம்ளரோடு நின்றாள். "நீங்க தந்தத ஒண்ணு விடாம தின்னேன் சிஸ்டர்."

நான் நம்பவில்லை. பேச்சு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பரவியது. சொல்லை மீறி எள் தின்றாள் என்று மாமியாரிடம் கெட்ட பெயர். தின்னாமல் ஏய்த்தாள் என்று மற்றவர்களிடம் கெட்ட பெயர்.

மாதம் ஒருமுறை வரும் மலையாளி டாக்டரம்மாவிடம் புலம்பினேன். எள்ளின் பட்டியலை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எப்போ கொடுக்குது சிஸ்டரே?" என்றார்.

"பத்துமணிச் சாயாவுக்கு டாக்டர்."

"கட்டஞ்சாயா கூடயா?" பேனாவை மூடிவைத்தார். "எள்ளில இரும்பு உண்டு, சரி. அதைச் சாயா பிடிச்சு வெச்சா ரத்தத்தில எப்படிச் சேரும்?"

பால் கலக்காத கடுஞ்சாயா. உருண்டையும் அதோடு, மாத்திரையும் அதோடு. இது நான் படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

மறுநாளே நேரத்தை மாற்றினேன். செல்விக்கு அது உதவவில்லை. எட்டாம் மாதமே வலி கண்டு, அதே மலைப்பாதையில் இறக்கினார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பெண் குழந்தை, எடை குறைவு. நல்லவேளை, இரண்டு உயிரும் பிழைத்தன.

வார்டில் போய்ப் பார்த்தேன். "தப்பு என் மேலதான் செல்வி, மன்னிச்சிரு" என்றேன். பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில்.

பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஏசினது அத்தன பேரு முன்னால. இத மட்டும் ஏன் என் காதுல சொல்லுதிய? அங்க வந்து சொல்லுங்க சிஸ்டர்."

சொல்லவில்லை... சொன்னால் என் பேச்சை அப்புறம் யார் கேட்பார்கள் என்று பயம். மரியாதை போய்விடும் என்ற பயமும்தான். செல்வி தோட்டத்துக்குத் திரும்பவில்லை. பிள்ளையோடு அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

இப்போது எலப்புள்ளியில் மகனோடு இருக்கிறேன். போனைத் திறந்தால் எள்ளின் நன்மைகள் என்று தினம் ஒன்று வருகிறது. நான் அன்று ஒப்பித்த அதே பட்டியல், கலர் படத்தோடு. அதில் ஒன்றும் தவறில்லை. அன்றைக்கு வாய் ஓயாமல் சொன்ன நான், இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் எதோடு சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். வயசு ஆகிவிட்டது, அதுவும் ஒரு காரணம்.

அன்று அங்கே சாயா குடித்த சிலர் இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள். சிலர் பிள்ளைகளின் போனில் படிப்பீர்கள். அதனால் இங்கேயே சொல்கிறேன்.

ஞானசெல்வி ஓர் உருண்டைகூட விடாமல் தின்றாள். அவள் பொய் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.