பூட்டோடு வந்த லேப்டாப்

போன வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனி வாசலில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். வேலை கேட்டு அல்ல... இந்த வயதில் யார் தருவார்கள்? ஒரு பழைய லேப்டாப்புக்காக.

செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கோவளத்திலிருந்து பஸ் ஏறி மீன் கொண்டு வருபவர் லதாம்மா. மகள் பவானிக்கு காலேஜில் கடைசி வருஷம். திங்கட்கிழமை ஆன்லைனில் முதல் இன்டர்வியூ. நல்ல லேப்டாப்பாகப் பார்த்துத் தரச் சொன்னார். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் புலி என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு – கிளப்பிவிட்டதே நான்தான். தாம்பரத்தில் பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடையில் ஆன் செய்து, ஆஃப் செய்து, தட்டிப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

நெட்டோடு இணைத்துப் பார்த்தேனா? அதுதான் இல்லை!

வீட்டில் பவானி நெட் கொடுத்ததும் திரையில் ஒரு கம்பெனியின் பெயர். இது எங்கள் சொத்து, ஊழியரின் பாஸ்வேர்டைப் போடு என்கிறது. கம்பெனிக்காரர்கள் விற்றுவிட்டார்கள், பிடியை விடவில்லை.

கடைக்காரர் பூட்டை உடைத்துத் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்றார். நான் தலையாட்டிவிட்டேன். லதாம்மா ஆட்டவில்லை.

"பில்லு போட்டு வாங்குன பொருளு சார். எதுக்குத் திருட்டுத்தனமா தொறக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். ஒன்றல்ல, மூன்று. கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக மெஷின் அனுப்பிய ஒற்றை வரிதான் பதில். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

அந்தக் கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டார் லதாம்மா. ஓ.எம்.ஆரில் என்றேன். தான் தினம் பஸ்ஸில் போகிற வழிதானே என்று கிளம்பிவிட்டார். நானும் பின்னால் போனேன்.

அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்றார் செக்யூரிட்டி. இல்லை, உட்காருகிறோம் என்று உட்கார்ந்துவிட்டார் லதாம்மா. எனக்குத்தான் கூச்சம். மதியம் ஒரு அதிகாரி வெளியே வந்தார். லதாம்மா எழுந்து லேப்டாப் விஷயத்தைச் சொல்லி பில்லை நீட்டினார்.

"மீன வித்துட்டேன் சார். வாங்குனவங்க வூட்ல கொயம்பு கொதிச்சினு கீது. அப்போ நான் போயி, மூடியத் தொறக்காதன்னா ஞாயமா?"

அதிகாரி பில்லை வாங்கிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பின் நம்பரைச் சரிபார்த்தார். விற்றதுமே தங்கள் லிஸ்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும், மறந்துவிட்டோம் என்றார். அப்போதே எடுக்க வைத்தார். லதாம்மாவிடம் ஸாரியும் கேட்டார்.

நியாயம் நம் பக்கம் இருந்தால் நேரே போய் நிற்கலாம் – மூன்று மெயில் போட்ட எனக்கு இது ஏன் தோன்றவில்லை? பஸ்ஸில் அவர் பக்கத்தில் நின்றபோது அப்படி ஒரு பெருமை எனக்கு.

பவானி அந்த லேப்டாப்பிலேயே இன்டர்வியூவை முடித்தாள். அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பூட்டு போனதும் லேப்டாப் புதிதாக ஒரு பெயர் கேட்டதாம். பெண் அம்மா பெயரைப் போட்டுவிட்டாள். ஆன் செய்தால் தன் பெயர்தான் வருகிறது என்று லதாம்மா வீடு வீடாகச் சொல்லியாயிற்று. என்னிடம் மட்டும் நாலு தடவை.

நாளை மீன் வாங்கும்போது நானே கேட்கப்போகிறேன்... "ஆன் பண்ணா யார் பேர் வருது லதாம்மா?"