ஒன்றாம் வண்டி பெர்னார்

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்து, சார்ஜில் கிடந்த வண்டியின் ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி முருகையன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பெர்னார் அண்ணன் போயிட்டாராம்பா. நேத்து மத்தியானம் சாப்ட்டுட்டு ஈசிசேர்ல சாஞ்சவரு, அப்படியே..." என்றார். முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் என்னைத் தெரிந்த உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். சாவு கூட இந்த மனிதருக்கு இஸ்திரி போட்டு வந்திருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. துக்கம் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

தட்டாஞ்சாவடியில் எங்கள் பைப் கம்பெனி யார்டுக்குள் வந்து போனவர்களுக்கு அந்த இரண்டு பேட்டரி வண்டிகளையும் தெரியும். பைப் அடுக்கிய டிராலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, கிடங்கிலிருந்து லாரி நிற்கும் இடம் வரை இழுத்துப்போகிற வண்டிகள். முதலில் ஒரே வண்டிதான், அதற்கு நான் ஒருவன்தான் டிரைவர். புது வண்டி வாங்கியபோது அதில் 'ஒன்று' என்று எழுதி, புதிதாக வேலைக்கு வந்த பெர்னாரிடம் சாவியைக் கொடுத்தார்கள். அத்தனை வருடம் உழைத்த என் வண்டியில் 'இரண்டு' என்று பெயின்ட் அடித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது என் வயிற்றெரிச்சல். மறைத்து எழுத எனக்கு வராது.

அவர் சொல்தா, அதாவது பட்டாளத்துக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் வண்டி ஓட்டிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பி ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு கட்டியவர். எங்கள் கம்பெனி சம்பளம் அவருக்கு எம்மாத்திரம்? "வீட்ல ஒக்காந்தா மதாமுக்கும் எனக்கும் சண்ட வருதுப்பா, அதான் வந்துட்டேன்" என்பார். கஞ்சி போட்ட சட்டை, வெள்ளைத் தொப்பி, பத்தடிக்கு முன்னால் வந்து நிற்கும் சென்ட் வாசனை. வயதில் அவர் மூத்தவர்தான். ஆனால் சர்வீஸில் நான் மூத்தவன். வந்த முதல் வாரமே என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்.

பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது. பெர்னார் அதை ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் ஓட்டியதே இல்லை. கிடங்கு முனையில் நிறுத்தி, ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்து, "துஸ்மாங், துஸ்மாங்" என்று வண்டியிடமே சொல்லிக்கொண்டு திரும்புவார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தமாம். "லாரி வந்தா காது சொல்லும். இது வந்தா யாரு சொல்றது? நாமதான் சொல்லணும்" என்பார். நீளமான பைப் ஏற்றிய டிராலி திரும்பும்போது அதன் வால் எதிர்ப்பக்கம் வீசும் என்பது எனக்கும் தெரியும், நானும் நிறுத்தித்தான் திரும்பினேன். ஆனால் அவர் வந்தால், "கப்பல் வர்ற மாதிரி இருக்குடி" என்று பேக்கிங் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் வந்தால் வழியை விட்டார்கள், அவ்வளவுதான்.

மழைக்கால விஷயம் ஒன்று. யார்டில் தண்ணீர் தேங்கிவிட்டால் பேக்கிங் பெண்கள் கேன்டீனுக்குப் போக என் காலி டிராலியில் ஏறிக்கொள்வது வழக்கம். அந்த நாலு மாதமும் எனக்கு ஏக மரியாதை. பெர்னார் தன் வண்டியில் ஒருவரையும் ஏற்றவில்லை. "டிராலி பைப்புக்கு. பைப்பு விழுந்தா வேற பைப்பு இருக்குது, நீ விழுந்தா வேற செல்வி இருக்காளா?" என்று பேக்கிங் செல்வியிடம் கேட்டார். அவளோடு ஒரு பட்டாளமே குடையைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் அவர் வண்டி கூடவே சிரித்துப் பேசி நடந்து போனது. ஏற்றிக்கொள்ளத் தயாராக நின்ற என் டிராலி மழையில் காலியாக நனைந்தது. மறுநாளே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இனி நீயும் ஆள் ஏற்றாதே என்றார். ஏற்றினவன் கெட்டவன், ஏற்றாதவன் உத்தமன். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த ஆயுத பூஜையை நீங்கள் மறந்திருக்க முடியாது. வண்டிகளுக்குச் சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பது ஆரம்பத்திலிருந்தே என் கை. யாரிடமும் விட்டுக்கொடுக்காத ஒரே மரியாதை அதுதான். பூஜை முடிந்ததும் யார்டைச் சுற்றி வரவேண்டும் என்பதால் இரண்டு வண்டிகளும் முதல்நாளிலிருந்து சார்ஜில் இருந்தன. தாழ்ந்த கூரை ஷெட். மழைச் சாரலுக்கு ராத்திரி முழுக்கக் கதவையும் ஜன்னலையும் சாத்தியிருந்தோம். மாலை, சந்தனம், பொரி, சுண்டல் எல்லாம் தயார். தட்டில் சூடத்தை ஏற்றி, மணி அடித்துக்கொண்டு நான் ஷெட் வாசலை நெருங்கினேன். பெர்னார் பாய்ந்து வந்து எரிகிற தட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "வேதக்காரன் பூசையக் கெடுத்துட்டான்" என்று கிறிஸ்தவரான பெர்னாரைச் சொன்னது. எனக்குக் காது வரை கொதித்தது. அத்தனை பேர் முன்னால் என் கை வெறுமையாக நின்றது. இன்றைக்கு இந்த ஆள் தொலைந்தான் என்று எனக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

பெர்னார் தட்டைத் தூரத்தில் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். விரல் கன்றிச் சிவந்திருந்தது. "சார்ஜ் ஏறும்போது பேட்டரி மூச்சு வுடும், எரியிற கேஸு. ராத்திரி பூரா வுட்ட மூச்சு, கதவு ஜன்னல் சாத்துன ஷெட்டுக்குள்ளயே நிக்குது. அதுல நெருப்பு பட்டா வண்டியும் இருக்காது, நாமளும் இருக்கமாட்டோம்" என்றார். சார்ஜரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "சாமி எங்க போவப்போறாரு? கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு இருப்பாரு. அதுக்குள்ள சுண்டலக் குடுங்கப்பா" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. பின்னாலிருந்து குரல் கொடுத்தவரும் சிரித்தார்.

வெகு நேரம் கழித்து வண்டிகளை வெட்டவெளிக்குக் கொண்டுவந்தோம். சூடத்தைத் தள்ளி நின்று காட்டுவது என்று முடிவானது. பெர்னார் தட்டைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க என் கையில் கொடுத்தார். "காட்டு தம்பி, இது உன் கை" என்றார். பிடுங்கியதைக் கூட மன்னித்திருப்பேன். எனக்குச் சொந்தமான மரியாதையை எனக்கே அவர் தானம் செய்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று நான் காட்டிய சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தே கும்பிட்டது போல எனக்கு இருந்தது.

அடக்கத்துக்கு இரண்டு பஸ் நிறைய ஆள் போனோம். மாதா கோயிலில் நிற்க இடமில்லை. எல்லாம் முடிந்து அவர் மனைவி மதாமிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அழுது வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்து, "நீங்க யாருப்பா?" என்றார்கள். ரெண்டாம் வண்டி டிரைவர் என்றேன். "ரெண்டு வண்டி இருந்துச்சா?" என்று கேட்டார்கள். அந்த அம்மாள் மேல் தப்பில்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருடம் நான் அந்த மனிதரை என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் சுமந்து போயிருக்கிறேன். என்னை அவர் கம்பெனி கேட்டோடு இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்களில் சிலர் அவர் நினைவாக அவருடைய பொறுமையை வைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறீர்கள், சிலர் அவருடைய சிரிப்பை. என்னிடம் இருப்பது பொறாமைதான். அதை நான் கீழே வைக்கப்போவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, போன வாரம் டிராலி கோத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த லோடுமேன் ஒருவர், பின்னோக்கி வரும் என் வண்டிக்கும் டிராலிக்கும் நடுவே கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பிரேக்கை மிதிப்பதற்குள் செல்வி கத்தினாள்: "நடுவுல நிக்காதீங்கண்ணே! வண்டி நின்னு, சாவிய எடுத்தப்புறம்தான் உள்ள போவணும். பெர்னார் அண்ணன் சொல்லிட்டுப் போனது!"

பெர்னார் வேலைக்குச் சேர்ந்த மறுநாள், அதே மாதிரி நடுவில் நின்றவர் அவர்தான். பிரேக்கைப் போட்டு, "யோவ், சாவுறதுக்கா வந்த? வெளிய வாய்யா! வண்டி நின்னு சாவிய எடுத்தப்புறம் போ!" என்று கத்தியவன் நான். அவர் வெளியே வந்தார், முகம் வெளுத்திருந்தது. "மெர்சி தம்பி, ரொம்ப நன்றி. இத எல்லாருக்கும் சொல்லுவேன்" என்றார். சொன்னார். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னார். சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தால், என் பக்கம் திரும்பித் தொப்பியை லேசாகத் தொடுவார். ஏன் தொடுகிறார் என்று வேறு யாருக்கும் தெரியாது.

அது என் வார்த்தை என்று தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர். அவரைத்தான் புதைத்துவிட்டு வந்திருக்கிறோம்.