பத்து மணிப் பாலும் படத்துப் பெரியவரும்

இந்தியாவுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த அந்தப் பெரியவர் ஜெயித்தாரா, தோற்றாரா என்று படித்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனாலும் அந்த வழக்கை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் எப்போதோ விசாரித்துவிட்டோம்.

அவரைச் சுட்டுக் கொன்ற மறு வருஷம் அது. கடல் தாண்டி வந்தவர்கள் நாங்கள்; டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் மாமனார் சோற்றைப் பிசைந்து ஒட்டிய அந்தப் பெரியவர் படம் ஒன்று, ஓரம் பிய்ந்து தொங்கும். அதை எடுத்துவிட்டு முருகன் படம் ஒட்ட வேண்டும் என்று என் கொழுந்தன் பிடிவாதமாக நின்றான்.

“மனுசன் தோத்துட்டாரு அண்ணி. நாடு ரெண்டாப் போச்சு. அவரையும் சுட்டுட்டானுங்க.”

“வெள்ளக்காரன் கப்பலேறினானா இல்லையா?”

“அங்க ஏறினான். இங்கயும் சுதந்திரம்னுதான் சொன்னாங்க. நம்ம தொரை இன்னும் பங்களாவுலதானே இருக்காரு? நமக்குத்தான் பிரஜாவுரிமை இல்லேன்னுட்டாங்க.”

பேச்சில் அவனிடம் தோற்பது எனக்குப் பிடிக்காது.

அப்போது என் மூத்தவளுக்கு நாலு மாசம். அவளைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவேன். பத்து மணிக்கு இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். புதிதாக வந்த கண்டாக்கையா, மலையை மேற்பார்க்கிறவர், “பகல் சாப்பாட்டுக்குப் போறப்போ குடுத்தாப் போதும்” என்று அதை நிறுத்திவிட்டார். பிள்ளை அங்கே அழ, எனக்கு இங்கே ரவிக்கை நனையும்.

“பெரியவர் வழியில போய்ப் பாக்குறேன்” என்றேன் வீட்டில்.

கொழுந்தன் சிரித்தான். “ஏசாம, அடிக்காம உக்காரணும் அண்ணி. ஒங்களால முடியுமா?”

மறுநாள் பத்து மணிக்குக் கைப்பிள்ளைக்காரிகள் பதினொரு பேரும் கூடையைக் கழற்றி வைத்துவிட்டுச் செடிகளுக்கு நடுவே நிரையில் உட்கார்ந்தோம். பால் கொடுக்க விடும்வரை ஒரு கொழுந்து கிள்ளுவதில்லை என்று ஏற்பாடு. கங்காணி கெஞ்சினார். கண்டாக்கையா கத்திவிட்டுத் துரையைக் கூட்டிவரப் போனார். நான் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ஆனால் அது கவ்வாத்து வெட்டித் தளிர்த்த மலை. செடி முழங்கால் உயரம். உட்கார்ந்தால் கொழுந்து மூக்குக்கு நேரே நிற்கும். ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். துரை நாயோடு வந்து நின்றபோதுதான் குனிந்து பார்த்தேன். பதினொரு மடியிலும் குவியல் குவியலாகக் கொழுந்து!

“வேலை இல்லே சொல்றான், வேலை செய்றான். என்ன இது?” என்றார் துரை, அவருக்குத் தெரிந்த தமிழில். கங்காணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதற்காகத் தலை குனிய முடியுமா? எழுந்து நின்றேன்.

“கை எங்க சொல்லக் கேக்கலைங்க தொரை. மாரும் அப்படித்தாங்க. மணி பத்தானா அது பாட்டுக்குச் சொரக்குது.”

துரை என் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோய் நாயிடம் ஏதோ சொன்னார். பிறகு கண்டாக்கையாவிடம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை. கண்டாக்கையா எங்களைப் பார்க்காமல், “போங்க, போங்க” என்றார். அன்றைக்கும் போனோம், அதற்குப் பிறகும் தினம் போனோம்.

சாயங்காலம் கொழுந்தன் காத்திருந்தான். “மடி நெறயக் கொழுந்து எடுத்தீங்களாமே! அது தோல்வி அண்ணி.”

“ஆமா, தோத்தோம். புள்ள பால் குடிச்சுதா இல்லையா?”

“குடிச்சுது.”

“அவர் கதையும் அப்படித்தான் தம்பி. தோத்த எடத்துல தோத்தாரு. குடிக்க வேண்டிய புள்ள குடிச்சுது.”

“நம்ம புள்ளைக்குப் பிரஜாவுரிமை எப்போ?” என்றான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி, படத்தின் பிய்ந்த ஓரத்தை ஒட்டினான்.

“தோத்தவருதான்” என்றான். “அதுக்காக இப்படித் தொங்கணுமா?”