தண்ணீர் விட்ட பிறகு வரப்பு

கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை நானாகவே புத்தகம் பார்த்துக் கற்றவன். ரத்தப் படத்தில் செல்களை எண்ணும் புரோகிராம் எழுதினால் பெரிய வேலை தருவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒட்டிக்கிடக்கும் செல்களைப் பிரிப்பதில்தான் சிக்கினேன். புத்தகம் சொன்ன வழி இது: படத்தை மேடுபள்ளமான நிலமாக நினைத்துக்கொள், பள்ளங்களில் தண்ணீரை ஏற்று, இரண்டு தண்ணீர் சந்திக்கும் இடத்தில் வரப்பு போடு. அதுதான் செல்லின் எல்லை.

திருதிருவென்று விழித்தேன். பங்காளியோடு வரப்புத் தகராறாகிக் கோர்ட்டுக்கு வந்திருந்த மச்சான், என்னைப் பார்க்க வந்தார். அவரிடம் சொன்னேன்.

"தண்ணிய விட்டுட்டு வரப்பு போடுறதா? இது எந்த ஊரு விவசாயம் மாப்ள?"

புத்தகம் சொன்னபடி எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். படத்திலிருந்த தூசுப் புள்ளியெல்லாம் பள்ளமாகி, ஒரே செல் ஏழெட்டுத் துண்டாகி நின்றது.

"நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் நெலத்த ஆளாளுக்கு எழுதிவச்ச மாதிரியில்ல இருக்கு!" என்று சிரித்தார் மச்சான்.

புள்ளிகள் மறையட்டும் என்று படத்தை மங்கலாக்கினேன். இப்போது ஒட்டியிருந்த இரண்டு செல் ஒன்றாகிவிட்டது. எவ்வளவு மங்கலாக்குவது என்று புத்தகம் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் அந்த ஜோடியைக் காட்டி, "இது எத்தனைங்க?" என்றார்.

"புரோகிராம் ஒண்ணுங்குது சார். எனக்கு ரெண்டாத் தெரியுது."

"ரெண்டுதான். உங்க கண்ணு பரவாயில்ல. நாளையிலேருந்து மைக்ராஸ்கோப்புல எண்ண வந்துடுங்க. புரோகிராம் கெடக்கட்டும்."

"பாஸா, பெயிலா மாப்ள?" என்றார் மச்சான், சாயங்காலம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு.